இரு கொலைத் தொடர்கள்: ஒரே கையா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்.சி., விலங்கியல் மாணவர் ஒருவர்)

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் தீர விசாரித்தும் மெய் கிட்டாத வழக்குகள் உலகில் பல உண்டு. அவற்றுள் பெயர் பெற்றது, விக்டோரியா மகாராணி காலத்தில் இலண்டன் மாநகரில் நடந்த வைட்சேப்பல் கொலைகள் ஆகும். கொலைகாரன் கடைசிவரை பிடிபடவில்லை. ‘ஜாக் தி ரிப்பர்’ என்ற பட்டப்பெயர் மட்டுமே எஞ்சியது. அதே ஆண்டுகளில், அதே நகரில், தேம்ஸ் ஆற்றை ஒட்டி இன்னொரு கொலைத் தொடரும் நடந்தது என்பதைப் பலர் அறியார். அதைச் செய்தவனும் பிடிபடவில்லை. இவ்விரண்டையும் செய்தவன் ஒருவனா? அல்லது இருவரா? இவ்வினா இன்றும் ஆராய்ச்சியாளர்களிடையே எழுந்துகொண்டுதான் இருக்கிறது.

இவ்வினாவில் எனக்கு நாட்டம் உண்டானதற்கு ஒரு காரணம் உண்டு. என் தந்தையார் ஆட்டிறைச்சிக் கடையில் கறி வெட்டும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கொலைகாரன் ‘கறிக்கடைக்காரனாக இருக்கலாம்’ என்று அன்றைய இலண்டன் பேசியதைப் படித்தபோது, இதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அதனால் விளைந்ததே இக்கட்டுரை.

வைட்சேப்பல் கொலைகள்

கிழக்கு இலண்டனில் வறியவர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி வைட்சேப்பல். அங்கும் அதன் சுற்றுப்புறத்திலும் 1888 ஏப்ரல் முதல் 1891 பிப்ரவரி வரை கொல்லப்பட்ட பதினொரு பெண்களின் வழக்குகளைக் காவல்துறை ஒரே கோப்பில் சேர்த்து வைத்திருந்தது. அவற்றுள் ஐந்து ஒரே கையால் நடந்தவை என்பது பெரும்பாலோர் கருத்து. 1888 ஆகஸ்டு 31-இல் மேரி ஆன் நிக்கோல்ஸ், செப்டம்பர் 8-இல் அன்னி சாப்மன், செப்டம்பர் 30-ஆம் நாள் ஒரே இரவில் எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எட்டோஸ் ஆகிய இருவர், நவம்பர் 9-இல் மேரி ஜேன் கெல்லி என ஐவர். முதல் நால்வரும் தெருவிலும் திறந்த முற்றத்திலும் சதுக்கத்திலும் கிடந்தனர். கெல்லி மட்டும் தம் அறைக்குள் கொல்லப்பட்டார். எல்லோருக்கும் கழுத்து அறுக்கப்பட்டிருந்தது. ஸ்ட்ரைட் நீங்கலாக மற்றவர்களின் வயிறும் சிதைக்கப்பட்டிருந்தது. சாப்மன், எட்டோஸ், கெல்லி ஆகியோரின் உடலிலிருந்து உறுப்புகளும் எடுக்கப்பட்டிருந்தன.

தேம்ஸ் ஆற்று உடல்கள்

இரண்டாவது தொடரின் கதை வேறு. 1887 மே மாதம் எசெக்ஸ் பகுதியிலுள்ள ரெயினம் என்னும் ஊரருகே ஆற்றில் ஒரு பெண்ணின் உடற்பகுதி கிடைத்தது. அதே உடலின் வேறு பாகங்கள் அடுத்த வாரங்களில் ஆற்றிலும் கால்வாயிலும் அகப்பட்டன. 1888 செப்டம்பர் 11-இல் பிம்லிகோ அருகே ஆற்றில் ஒரு கை கிடைத்தது. அக்டோபர் 2-ஆம் நாள் அக்கைக்குரிய உடல் கிடைத்த இடம்தான் வியப்பிற்குரியது. வைட்ஹாலில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காவல்துறைத் தலைமையகத்தின், அதாவது புதிய ஸ்காட்லாந்து யார்டின், நிலவறையிலேயே அது கிடந்தது!

1889 ஜூன் மாதம் மூன்றாவது பெண்ணின் பாகங்கள் ஆற்றிலும் பேட்டர்சீ பூங்காவிலும் அகப்பட்டன. இவர் ஒருவரே அடையாளம் காணப்பட்டவர். கையில் இருந்த பழைய தழும்பும் உடுத்திய துணியும் இவர் எலிசபெத் ஜாக்சன் என்று காட்டிக்கொடுத்தன. அப்போது அவர் நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. 1889 செப்டம்பர் 10-இல், வைட்சேப்பலில் பின்சின் தெரு இரயில் பாலத்து வளைவின் அடியில், தலையும் கால்களும் இல்லாத நான்காவது உடல் கிடந்தது. நால்வரில் எவருடைய தலையும் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஒருவனே என்பாரின் வாதம்

இரண்டும் ஒருவன் செயலே என்பவர்கள் கூறும் காரணங்கள் எளிதில் தள்ளிவிடக் கூடியவை அல்ல.

முதலாவது, காலம். சாப்மன் இறந்து மூன்று நாள் கழித்துப் பிம்லிகோவில் கை கிடைக்கிறது. இரட்டைக் கொலை நடந்து இரண்டே நாளில் வைட்ஹாலில் உடல் கிடைக்கிறது. இரண்டாவது, இடம். பின்சின் தெரு உடல் ரிப்பரின் வட்டாரத்திலேயே கிடந்தது. அதன் வயிற்றிலும் ஒரு நீண்ட வெட்டு இருந்தது. மூன்றாவது, கழுத்து. சாப்மனின் கழுத்தெலும்புகளைப் பிரிக்கக் கொலைகாரன் முயன்றதாகத் தோன்றுகிறது என்று மருத்துவர் பிலிப்ஸ் சாட்சியம் அளித்தார். நான்காவது, அரிய நிகழ்ச்சி என்ற வாதம். இத்தகைய கொடியவர் இருவர் ஒரே நகரில் ஒரே சமயத்தில் தோன்றுவரா என்று கேட்பர்.

இன்னும் ஒரு படி மேலே சென்று பெயரையே கூறியவர்களும் உண்டு. மூன்று பெண்களுக்கு நஞ்சூட்டியவனும் 1903-இல் தூக்கிலிடப்பட்டவனுமான ஜார்ஜ் சாப்மன் என்பவனே இரு தொடர்களுக்கும் காரணம் என 2002-இல் ஒரு நூல் வெளிவந்தது. அவன் 1888-இல் வைட்சேப்பல் பகுதியில் வாழ்ந்தவன் என்பது உண்மையே. ஆனால் அப்பகுதியில் வாழ்ந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

வெட்டிய கை கூறும் சாட்சி

இனி மறுபக்கத்தைக் காண்போம். இவ்வழக்கில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் பாண்ட் என்னும் அறுவை மருத்துவர் இரு தொடர்களிலும் உடல்களைச் சோதித்தார். கெல்லியின் உடலையும் கண்டவர் அவரே, வைட்ஹால் உடலையும் கண்டவர் அவரே. எனவே அவருடைய கருத்துகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

1888 நவம்பர் 10-இல் பாண்ட் எழுதிய அறிக்கையில், ஐந்து வைட்சேப்பல் கொலைகளும் ஒரே கையால் நடந்தவை என்றார். அக்கொலைகாரனுக்கு உடற்கூற்றறிவு இல்லை, ஒரு கறிக்கடைக்காரனுக்கு இருக்கும் அறிவுகூட இல்லை என்றும் கூறினார். எலிசபெத் ஜாக்சன் வழக்கில் அவர் கூறியது இதற்கு நேர்மாறானது. அவ்வுடல் பிரிக்கப்பட்ட முறை ரெயினம், வைட்ஹால் உடல்களை ஒத்திருக்கிறது என்றார். அறுவை மருத்துவரின் திறன் அல்ல, ஆனால் விலங்குகளை வெட்டுவோர்க்கு இருக்கும் கைப்பழக்கம் தெரிகிறது என்றார்.

இவ்வேற்றுமையின் பொருளை நான் நூலில் கற்கவில்லை, என் தந்தையிடம் கற்றேன். எங்கள் ஆய்வகத்தில் முயலின் எலும்புக்கூட்டில் பந்துக்கிண்ண மூட்டைப் படித்துவிட்டு வீட்டிற்குச் சென்று, தொடையை எப்படிப் பிரிப்பீர்கள் என்று அவரிடம் கேட்டேன். “எலும்ப வெட்டுனா கத்திதான் கெடும்பா. மூட்டு எங்க இருக்குன்னு வெரலால தடவிப் பாரு. அங்க கத்திய வை, தானா பிரியும்” என்றார். மூட்டைத் தேடிப் பிரிக்கும் கைக்குப் பொறுமையும் பழக்கமும் வேண்டும். இருட்டில் அவசரமாகக் கிழிக்கும் கைக்கு இவை இரண்டும் தேவையில்லை.

இங்கே ஒரு தடை எழலாம். “தெருவில் நேரமில்லை, அதனால் அவசரம். வீட்டில் நேரமிருந்தால் அதே மனிதன் நிதானமாக வெட்டியிருப்பான் அல்லவா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு சோதனைகள் இயல்பாகவே அமைந்துள்ளன.

இரு சோதனைகள்

அறிவியலில் ஒரு காரணத்தின் விளைவை அறிய, அதை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைத்துப் பார்ப்போம். கெல்லியின் கொலை அத்தகையது. இங்கே ரிப்பருக்கு மூடிய அறை இருந்தது, நேரமும் இருந்தது. அப்போதும் அவன் கைகால்களை மூட்டில் பிரிக்கவில்லை, தலையை மறைக்கவில்லை, உடலை அப்புறப்படுத்தவில்லை. நேரம் கிடைத்தபோது சிதைவு மிகுந்ததே தவிர, முறை மாறவில்லை.

பின்சின் தெரு உடல் இரண்டாவது சோதனை. இங்கே இடம் வைட்சேப்பலாக மாறுகிறது, முறையோ மாறவில்லை. வேறெங்கோ கொன்று, பிரித்து, கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். கெல்லியையும் இவ்வுடலையும் கண்ட மருத்துவர் பிலிப்ஸ், முன்னதில் வெறியும் பின்னதில் உடலை அகற்றும் நோக்கமுமே தெரிகின்றன என்றார். காவல்துறை ஆணையர் மன்றோவும் இது ரிப்பரின் வேலை அன்று என்றே மறுநாள் அறிக்கை அனுப்பினார்.

நோக்கம் என்பதே இங்கு முக்கியம். ரிப்பர் உடலைப் பிறர் காண விட்டுச் சென்றான். மற்றவன் உடல் யாருடையது என்று தெரியாதபடி தலையை ஒளித்தான். தன்னோடு தொடர்புடைய பெண் என்று தெரிந்துவிடும் என அஞ்சுபவனே அடையாளத்தை அழிக்க முயல்வான்.

‘இருவர் ஒரே சமயத்தில் தோன்றுவரா’ என்ற வாதத்திற்கும் விடை உண்டு. உடலைத் துண்டாக்கி மறைப்பது அன்றைய இலண்டனில் அத்தனை அரிதன்று. 1873-இலும் 1874-இலும் தேம்ஸில் பெண்களின் உடற்பகுதிகள் கிடைத்திருந்தன. வைட்சேப்பல் சாலையிலேயே தொழில் நடத்திய ஹென்றி வெயின்ரைட், தான் கொன்ற பெண்ணின் உடலைத் துண்டாக்கிக் கொண்டு சென்றபோது அகப்பட்டு 1875-இல் தூக்கிலிடப்பட்டான். தன் எசமானியைக் கொன்று பெட்டியில் அடைத்துத் தேம்ஸில் எறிந்த கேட் வெப்ஸ்டர் என்ற பணிப்பெண் 1879-இல் தூக்கிலிடப்பட்டாள். சுமார் நாற்பது இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரம் அது. ஆகவே இருவர் இருந்தனர் என்பது நம்ப முடியாத செய்தி அன்று. தேம்ஸ் தொடரின் நால்வரையும் கொன்றவன் ஒருவனே என்பதுகூட மருத்துவரின் கருத்தேயன்றி, நிரூபிக்கப்பட்ட உண்மை அன்று.

இன்றைய அறிவியல் உதவுமா?

1888-இல் காவல்துறையிடம் கைரேகைப் பிரிவு இல்லை. நம் நாட்டில் கல்கத்தாவில் 1897-இல் கைரேகைக் கூடம் அமைந்த பிறகே, 1901-இல் ஸ்காட்லாந்து யார்டில் அது தொடங்கியது. இரத்தப் பிரிவுகளை லேண்ட்ஸ்டெய்னர் வகைப்படுத்தியதும் 1901-இல்தான். மரபணுவைக் கொண்டு ஆளை அறியும் முறையை அலெக் ஜெஃப்ரிஸ் கண்டது 1984-இல். எட்டோஸுடையது எனப்படும் ஒரு சால்வையை மரபணு முறையில் ஆராய்ந்து, 2019-இல் ஓர் ஆய்வேடு வெளிவந்தது. ஆனால் அது தாய்வழி மரபணு. பலருக்குப் பொதுவாக இருக்கக் கூடியது. சால்வை அந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்பதற்கே உறுதியான சான்று இல்லை. கருவி எவ்வளவு நுட்பமாயினும், சான்றுப்பொருள் வந்த வழி தெளிவாக இல்லாவிடில் முடிவும் தெளிவாகாது.

சந்தேகத்தின் விலை

இந்த ஆராய்ச்சி வெறும் பொழுதுபோக்கா? அன்று. நிக்கோல்ஸ் இறந்தபோது பக்கத்துத் தெருவில் வேலை செய்த குதிரை வெட்டும் தொழிலாளர்கள் விசாரிக்கப்பட்டனர். ஜான் பைசர் என்ற யூதச் செருப்புத் தொழிலாளி ‘தோல் மேலங்கிக்காரன்’ என்று ஊராரால் தூற்றப்பட்டுக் கைது செய்யப்பட்டார். கொலை நடந்த வேளைகளில் அவர் வேறிடத்தில் இருந்தது தெரிந்த பின்பே விடுவிக்கப்பட்டார்.

இதைப் படித்தபோது என் கண்முன் நின்றவர் என் தந்தை. நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு சாக்கு மூட்டையில் எலும்புகள் கிடந்தன. ஊர் முதலில் திரும்பிப் பார்த்தது கத்தி பிடிக்கும் என் தந்தையைத்தான். இரண்டு நாள் அவர் கடைக்குப் போகவில்லை. அவை கன்றுக்குட்டியின் எலும்புகள் என்று கால்நடை மருத்துவர் கூறியபின் ஊர் மறந்துவிட்டது. ஆனால் அப்பா மறக்கவில்லை. ‘கைப்பழக்கம் உள்ளவன்’ என்பது ஒரு கூட்டத்தையே சுட்டும் சொல், ஓர் ஆளைச் சுட்டும் சொல் அன்று. இதை உணராமல் பெயர் சொல்வது இன்னோர் அநீதி.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால், இரு தொடர்களும் ஒரே கையின் செயல் என்பதற்குப் போதிய சான்று இல்லை, இரு வேறு கைகளே என்பதற்குச் சான்று மிகுதி என்பது என் கருத்து. ஒற்றுமைகளை மட்டும் எண்ணுபவனுக்கு எல்லாம் ஒன்றாகவே தோன்றும். வேற்றுமைகளையும் எண்ணுவதே அறிவியல் கற்போர் கடமை.

இன்னொன்றையும் கூற விழைகின்றேன். கொலைகாரன் யார் என்று நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் கேட்கிறது. தேம்ஸ் தொடரின் நால்வரில் மூவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. அவர்களும் யாரோ ஒருவரின் மகளாகவோ தாயாகவோ இருந்தவர்கள்தாமே! ஒரு தழும்பும் ஒரு துணியும் எலிசபெத் ஜாக்சனுக்குப் பெயரைத் திருப்பித் தந்தன. மற்ற மூவருக்கும் அதுகூடக் கிட்டவில்லை. அப்பெயர்களைத் தேடுவதும் நீதியின் ஒரு பகுதியே என்று கூறி இக்கட்டுரையை நிறைவு செய்கின்றேன்.