ஒரு சட்டி, இரண்டு தாளிப்பு

கல்யாணமான முதல் வருஷம் எங்கள் வீட்டில் தினமும் இரண்டு உலை கொதித்தது. நான் கமுதிப் பக்கத்துக்காரி. குதிரைவாலிச் சோறு, கீரை, மோர் இருந்தால் எனக்குப் போதும். வீட்டுக்காரர் தனுஷ்கோடிக் கரையில் வளர்ந்தவர். புளியும் காரமும் தூக்கலாக ஒரு மீன் குழம்பு இல்லையென்றால் அவர் சாப்பிட்ட கணக்கிலேயே சேர்க்க மாட்டார். அவர் விடியற்காலை மூன்று மணிக்கு நாட்டுப்படகுக்குப் போகிறவர். நான் எட்டரை மணிக்கு ராமேஸ்வரத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதப் போகிறவள். இரண்டு வேலை, இரண்டு நேரம், இரண்டு நாக்கு. ஆறு மாதத்தில் எனக்குக் கை ஓய்ந்துபோனது. பிறகு வாரத்தில் பாதி நாள் அவர் கடையில் புரோட்டா சாப்பிட்டார், நான் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வடையும் டீயுமாக மதியத்தைக் கழித்தேன்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து இருவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். வீட்டுக்காரருக்குக் கூடுதலாக இருந்தது. “உப்பைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க, காய்கறி சேர்த்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் வேலை அவ்வளவுதான். யார் குறைப்பது, எந்தச் சட்டியில் குறைப்பது என்பதை வீட்டுக்குள்தான் முடிவு செய்ய வேண்டும். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்–இண்டியாப் ஆய்வின் கணக்குப்படி நாட்டில் வயது வந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டு சமையல் ஓடாது. ஒருவர் நாக்கை இன்னொருவர் மேல் திணித்தாலும் ஓடாது. ஒரே சமையல் செய்யுங்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் அது இரண்டாகப் பிரியட்டும். அந்தச் சமையல் வேலையையும் இருவருக்கும் பங்கு போடுங்கள். எங்களுக்கு இது பழக ஒரு வருஷம் ஆனது. உங்களுக்கு ஒரு மாதம் போதும்.

முதலில் பங்கு

பங்கு என்பது கடற்கரையில் புரியாத வார்த்தை இல்லை. கரைவலை இழுக்கும்போது வலைக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, கயிறு பிடித்தவருக்கு ஒரு பங்கு என்று மணலிலேயே பிரித்துவிடுவார்கள். கயிறு பிடிக்காதவருக்குப் பங்கு இல்லை. அடுப்படிக்கும் இதே கணக்கைக் கொண்டுவாருங்கள். இங்கே சம்பாத்தியத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதானே கயிறு பிடிக்கிறோம்.

1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவிக்கப்பட்ட ஊர் தனுஷ்கோடி. ஆனாலும் மீனவர்கள் கடலை விட்டுப் போகவில்லை. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் சுற்றுலாக் கூட்டம் பெருகியது. மீன் பொரிக்கும் கடை, சங்கு, பாசிமணி விற்கும் கடை, வேன் ஓட்டம் என்று பெண்ணும் ஆணும் சேர்ந்து சம்பாதிக்கும் குடும்பங்கள் இப்போது அதிகம். பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் அதற்கு முன்பிருந்தே கடலில் மூழ்கி உழைக்கிறவர்கள். அவர்களுக்காகப் போராடிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சர்வதேச ‘சீகாலஜி’ விருது கிடைத்தது. விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறித்துவிட்டு, உடம்பெல்லாம் உப்போடு வீடு திரும்பும் பெண்தான் அன்றைக்கும் உலை வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

நாங்கள் பிரித்துக்கொண்டது இப்படி. மீன் வாங்குவது, ஆய்வது, கழுவுவது அவர் வேலை. படகிலிருந்து இறங்கும்போதே ஆய்ந்து கொண்டுவந்துவிடுவார். தேங்காய் திருகுவது, மிளகாய் அரைப்பது அதற்கு முந்திய சாயங்காலம், அதுவும் அவர்தான். காய் நறுக்கி அடுப்பில் வைத்து இறக்குவது நான். கடல் இல்லாத நாளில் மதியச் சமையல் முழுக்க அவர் பொறுப்பு. இதை வாயால் பேசிக்கொண்டால் இரண்டு நாளில் காற்றில் போய்விடும். காலண்டர் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ராமேஸ்வரத்தில் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகிறது. அந்தக் குடும்பங்களுக்கு இந்த அட்டவணை இன்னும் சுலபம். கடல் நாள், கரை நாள் என்று இரண்டே இரண்டு வகைச் சாப்பாடு போட்டால் போதும்.

சட்டி எங்கே பிரிகிறது

மண்சட்டியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய். வெந்தயம், கறிவேப்பிலை, ஒரு கை நிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, இரண்டு தக்காளி. வதங்கியதும் மஞ்சள்தூள், மல்லித்தூள். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் தாராளமாகப் போடுங்கள். மீன் எவ்வளவோ அவ்வளவு காய் இருக்க வேண்டும். வழக்கமாகக் கரைப்பதில் பாதிப் புளி. கவனியுங்கள், இதுவரை மிளகாய் சேர்க்கவில்லை. காய் முக்கால் வேக்காடு வந்ததும் மீனைப் போட்டு, கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றிவிட்டு ஏழெட்டு நிமிடம் வைத்தால் வெந்துவிடும்.

பிரிய வேண்டிய இடம் இதுதான். எனக்குரிய பாதியைச் சின்னச் சட்டிக்கு மாற்றி, கெட்டித் தேங்காய்ப்பால் அரை டம்ளர், பொடித்த மிளகு, சீரகம் சேர்த்துச் சூடு ஏறியதும் இறக்கிவிடுவேன். கொதிக்க விட்டால் பால் திரிந்துபோகும். கிட்டத்தட்டச் சொதி போல இருக்கும். அவருடைய பாதிக்கு, தாளிப்புக் கரண்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, அரைத்து வைத்த முண்டு மிளகாய் விழுதைப் பச்சை வாடை போக வதக்கி, சட்டியில் ஊற்றி இரண்டு கொதி. காரமான மீன் குழம்பு தயார். கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் இதையே ஆணம் என்பார்கள், தேங்காய் இன்னும் கூடும். கூடுதலாகச் செலவானது ஒரு சின்னச் சட்டியும் ஐந்து நிமிடமும்.

இருவரில் ஒருவர் மீனே சாப்பிடாதவர் என்றால் பிரிவது ஒரு படி முன்னால் நடக்க வேண்டும். காய் வெந்ததும் அவர் பங்கை எடுத்துவிட்டு, அப்புறம் மீனைப் போடுங்கள். எடுத்த பங்கில் வேகவைத்த தட்டைப்பயறோ கொண்டைக்கடலையோ சேர்த்தால் அவருக்கும் புரதம் கிடைக்கும். மீன் சாப்பிடாதவருக்கு வெறும் குழம்பை ஊற்றி அப்பளத்தைப் பக்கத்தில் வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அது அவருக்கு நியாயம் செய்வதாகாது.

முண்டு மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மாவட்டத்து மண்ணில் விளைந்து, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது அது. தோல் தடித்து உருண்டு இருக்கும். உடைக்காமல் முழுதாக எண்ணெயில் போட்டால் மணமும் நிறமும் வரும், காரம் அதிகம் இறங்காது. கிள்ளிப் போட்டால் இறங்கும், அரைத்தால் முழுக்க இறங்கும். ஒரே மிளகாயில் மூன்று அளவு காரம் இருக்கிறது, இருவரும் சேர்ந்து அளவைத் தேர்ந்தெடுக்கலாம். காரம் கூடிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஒரு கரண்டி தயிரோ தேங்காய்ப்பாலோ சாப்பிடுங்கள்.

சோற்றுக்கும் இதே வழி. ஒரே குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்து ஒன்றில் அரிசி, ஒன்றில் குதிரைவாலி. குதிரைவாலிக்குத் தண்ணீர் அரிசியைவிடக் குறைவு, ஒன்றுக்கு இரண்டு போதும். அவர் தட்டில் முதல் மாதம் ஒரு கரண்டி குதிரைவாலி மட்டும் வைத்தேன். இப்போது அவரே பாதிக்குப் பாதி கலந்துகொள்கிறார், குழம்பு இதில் நன்றாக ஊறுகிறதாம்.

உப்புக் கிண்ணம்

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. தட்டையாக ஒரு தேக்கரண்டி. காலையில் இருவருக்கும் சேர்த்து இரண்டு தேக்கரண்டி உப்பை ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். அன்று முழுக்க எது சமைத்தாலும் அதிலிருந்துதான். ஜாடியை மேல் அலமாரியில் ஏற்றிவிடுங்கள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். கருவாடு வைக்கும் நாளில் கிண்ணத்தில் பாதிதான் எடுக்க வேண்டும். கருவாட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு முறை தண்ணீரை மாற்றிக் கழுவி, குழம்பில் உப்பே போடாமல் செய்து பாருங்கள். குறையே தெரியாது.

உப்பு குறைந்தால் நாக்கு முதல் பத்து நாள் தகராறு செய்யும். அந்த நாட்களில் புளிப்பு கைகொடுக்கும். எலுமிச்சை, மாங்காய்த் துண்டு, தக்காளி எதுவானாலும் சரி, பரிமாறும் நேரத்தில் சேருங்கள். கடலில் வெயிலில் வேர்த்து உழைக்கிறவருக்குத் தண்ணீர் நிறையத் தேவை. அவர் தூக்குவாளியில் பழைய கஞ்சியும் மோரும் சின்ன வெங்காயமும் போகிறது, ஊறுகாய்க்குப் பதில் புதினாத் துவையல். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை எல்லாம் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

எண்ணெய்க்கும் அளவு வைத்துவிட்டோம். ஆளுக்கு மாதம் அரை லிட்டர். மீனைப் பொரிப்பதற்குப் பதில் மசாலா தடவி, தோசைக்கல்லில் வாழையிலை விரித்து அதன்மேல் வைத்து மூடிச் சுடுகிறோம். மீன் பொரிக்கும் கடை வைத்திருக்கிற தம்பதிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் கொதித்துக் கறுத்த எண்ணெயை வீட்டுச் சமையலுக்கு எடுத்துவராதீர்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கேடான சேர்மங்கள் கூடுகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. கடைக்கு வருகிறவருக்கும் அது ஆகாது, உங்கள் பிள்ளைக்கும் ஆகாது.

இறாலும் நண்டும் கணவாயும் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போய்விடுகின்றன என்று எங்கள் ஊரில் ஒரு குறை உண்டு. போகட்டும். உடம்புக்கு நல்லது அதிகம் இருப்பது விலை குறைந்த சாளை, நெத்திலி, காரல் ஆகியவற்றில்தான். சாளையில் நல்ல கொழுப்பு, முள்ளோடு மென்று சாப்பிடும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்து. காய்கறிதான் இங்கே கஷ்டம். மணலில் முருங்கையும் தென்னையும் தவிர அதிகம் வராது, மற்றதெல்லாம் 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் ஏறி வர வேண்டும். வாரம் ஒரு முறை வாங்குகிறவர்கள் கெடாமல் நிற்கும் பூசணி, பரங்கி, சேனை, முருங்கைக்காய் என்று வாங்குங்கள். கீரை வாங்கிய அன்றே ஆகிவிட வேண்டும்.

தன் கையால் பரிமாறுவது

கணவனும் மனைவியும் அடுப்படியில் ஒத்துப்போகாத ஒரு சம்பவம் ராமேஸ்வரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார். அவருடைய அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், மாணவனைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். முஸ்லிம் பையனுக்குத் தன் சமையலறையில் பரிமாற மாட்டேன் என்றார் மனைவி. அது நாக்கின் வேற்றுமை அல்ல, தீட்டு என்ற கொடுமை. ஆனால் ஆசிரியர் நடந்துகொண்ட விதத்தை நான் அடிக்கடி நினைப்பேன். மனைவியிடம் சண்டை போடவில்லை, அழைப்பையும் திரும்பப் பெறவில்லை. தன் கையால் பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். கிளம்பும்போது அடுத்த வார இறுதிக்கும் அழைத்தார். அந்த முறை மனைவியே உள்ளே அழைத்துப் போய்ப் பரிமாறினார்.

நான் வீட்டுக்காரரைக் கீரை சாப்பிட வைக்க இரண்டு வருஷம் பேசினேன், பலனில்லை. பேச்சை நிறுத்திவிட்டு, நெத்திலிக் குழம்பில் ஒரு பிடி முருங்கைக்கீரையைப் போட்டு, அவர் தட்டுக்கு முன் என் தட்டில் ஊற்றிச் சாப்பிட்டேன். மூன்றாம் வாரம், “இன்னைக்கு இலை போடலியா?” என்றார். புது உணவு எதுவானாலும் கொண்டுவருகிறவரே சமைத்து, முதலில் சாப்பிட்டு, வாரம் ஒரு முறைக்கு மேல் வற்புறுத்தாமல் வையுங்கள். அவர் வேண்டாம் என்று ஒதுக்கும் நாளில் தட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், முகம் சுளிக்காதீர்கள்.

இந்த ஒரே சட்டிச் சமையலைத் தொடங்க நல்ல நேரம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். கையில் காசு குறைவு, நேரம் நிறைய. நுங்கும் பதநீரும் மலிந்திருக்கும் பருவம். போன தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகும் என் கொழுந்தன் எங்கள் வீட்டில் தங்கி வீட்டுக்காரரிடம் சமைக்கக் கற்றுக்கொண்டார். குதிரைவாலிக்குத் தண்ணீர் எவ்வளவு என்று தினமும் என்னிடம் கேட்க வேண்டியிருந்ததால், இருவரும் சேர்ந்து அலுமினியப் பாத்திரத்தின் உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறிவிட்டார்கள். இப்போது யார் உலை வைத்தாலும் அந்தக் கோடு வரைதான் தண்ணீர்.