சைட் வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். சேமிப்பும் கடன் தவணையும் எழுதி முடித்த பிறகு, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு அக்கா தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மூணு வருசமா மாசத் தவணையில ரண்டு சென்ட் சைட்டுக்குப் பணம் கட்டுனனுங்க. கடைசித் தவணைக்குக் குழுக் கடன்கூட வாங்குனனுங்க. கிரயம் பண்ணப் போனா, அப்ரூவல் இல்லாத சைட்டு, பதிவு பண்ண முடியாதுன்னுட்டாங்க."

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதே இடத்துக்கு அந்தக் குழுவில் இன்னும் நான்கு பேர் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்ரூவல் என்றால் என்ன?

தோட்டத்தைப் பிரித்துக் கல் நட்டுவிட்டால் அது வீட்டுமனை ஆகிவிடாது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். டி.டி.சி.பி. என்று நாம் சொல்லும் நகர் ஊரமைப்புத் துறை, இடம் எந்த உபயோகத்துக்கு உரியது, ரோடு அகலம் போதுமா, பொது இடம் விட்டிருக்கிறதா என்று பார்த்து தொழில்நுட்ப அனுமதி தரும். அதன் பிறகே ஊராட்சியோ மாநகராட்சியோ இறுதி அனுமதி தரும். தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தால் போதாது.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளைக் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதிகள் கொண்டுவந்தது. நீர்நிலையிலோ புறம்போக்கிலோ போட்ட மனைக்கு அந்தச் சலுகை கிடையாது.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. டி.டி.சி.பி. எண் என்ன? "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துரும்" என்றால் வரட்டும், பிறகு அட்வான்ஸ் தருகிறோம் என்று சொல்லுங்கள்.

2. ரெரா பதிவு எண் இருக்கிறதா? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர் ரெராவில் பதிவு செய்ய வேண்டும். விளம்பர நோட்டீசிலும் அந்த எண் இருக்க வேண்டும்.

3. இடம் யார் பேரில் இருக்கிறது? பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் பாருங்கள். பவர் வைத்து விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்றும் விசாரியுங்கள்.

4. பக்கத்தில் என்ன வரப்போகிறது? குடியிருப்பு, தொழில், விவசாயம் என்று நிலத்தைப் பிரித்து வைத்திருப்பது காரணத்தோடுதான். சாயத் தண்ணீர் பட்டபாட்டை நொய்யல் கரைக்காரர்களான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

5. ரிசர்வ் சைட் எங்கே? பெரிய லே-அவுட்டில் ரோடு போக மீதியுள்ள இடத்தில் 10 சதவீதத்தைப் பொது உபயோகத்துக்கு விட்டு, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். வரைபடத்தில் பச்சையாக இருக்கும் அந்த இடத்தை நேரில் போய்ப் பாருங்கள்.

ரிசர்வ் சைட் நம்ம இடம்

சைட் வாங்காதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கேட்க ஆளில்லை என்றால் ரிசர்வ் சைட்டில் முதலில் வேலி வரும், பிறகு வீடு வரும். பெங்களூரில் பூங்காவுக்கு விட்டிருந்த ஓர் இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். பூங்கா இடத்தை அப்படி மாற்றக்கூடாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாம் முதலில் போக வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடுகிறது. மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் பின்னர் சேர்க்கப்பட்டன. "நம்ம ஊராட்சிக்கு எத்தனை ரிசர்வ் சைட் எழுதித் தந்திருக்காங்க? ஒவ்வொண்ணும் எங்க இருக்குது?" என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒருவராகப் போனால் உட்காரச் சொல்வார்கள். இருபது பேராகப் போனால் பதில் சொல்வார்கள்.

அந்த அக்காவுக்கு என்ன வழி?

தவணை அட்டை, ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தார். அதுதான் இப்போது அவருக்குத் துணை. அவரையும் மற்ற நால்வரையும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போகிறோம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். நால்வரும் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் குழுவில் யாரெல்லாம் சைட்டுக்குத் தவணை கட்டுகிறோம்? அப்ரூவல் எண்ணைப் பார்த்தோமா?

• மனை வாங்கக் கடன் கேட்டால், அப்ரூவல் நகலைப் பார்த்த பிறகே கடன் என்று தீர்மானம் போடலாமா?

• அடுத்த கிராம சபைக்கு நம் குழுவிலிருந்து எத்தனை பேர் போகிறோம்?