அரபெல்லா பக்லியின் தேவதைகள்

1879இல் அரபெல்லா பக்லி எழுதிய ‘அறிவியலின் தேவதை உலகம்’ என்ற புத்தகத்தின் பெயரைக் கேட்டதுமே, குழந்தைகளுக்காகக் கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறார் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். புத்தகத்தைத் திறந்தால் தெரியும். அவர் தேவதைகள் என்று சொல்வது வெப்பத்தை, புவியீர்ப்பை, துகள்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் விசையை. ஒரு நிலக்கரித் துண்டுக்கே தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். என்றோ சதுப்புக்காட்டில் நின்ற செடிகள் குடித்துவைத்த வெயில்தான் இன்று கணப்பில் சூடாக வெளிவருகிறது. இதில் எங்கே இருக்கிறது பொய்க்கதை?

பெரிய விஞ்ஞானிகள் எழுதியதைச் சுருக்கித் தந்தவர் என்பது அடுத்த எண்ணம். புவியியலாளர் சார்லஸ் லையலிடம் 1864இல் செயலாளராகச் சேர்ந்தபோது பக்லிக்கு வயது சுமார் 24தான். கண்பார்வை மங்கிய அந்தப் பெரியவருக்கு, 1875இல் அவர் இறக்கும்வரை, துணையாக உழைத்தார். பரிணாமக் கொள்கையை முன்வைத்த டார்வினும் வாலஸும் பக்லிக்கு அப்படித்தான் பழக்கம். லையல் இறந்த மறு ஆண்டே பக்லி இயற்கை அறிவியலின் சுருக்கமான வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதைப் பாராட்டி டார்வினே கடிதம் எழுதினார்.

பரிணாமம் என்றாலே அடித்துப் பிடித்து வாழ்வதுதான் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். முதுகெலும்புள்ள உயிர்களைப் பற்றி 1883இல் எழுதிய புத்தகத்தில், குஞ்சைக் காக்கும் தாயன்பும் கூட்டத்தோடு சேர்ந்து நிற்கும் பரிவும்கூட உயிர்களைப் பிழைக்கவைத்தன என்று பக்லி வாதிட்டார். ரஷ்யச் சிந்தனையாளர் குரோபோட்கினின் ‘பரஸ்பர உதவி’ நூலாக வந்தது 1902இல்தான். அவருக்கு முன்பே, பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும் நடையில் இதைச் சொன்னவர் என்பதற்காகவே பக்லியை நான் கொண்டாடுவேன்.

கல்யாணத்தோடு எழுத்து நின்றிருக்கும் என்பதும் தவறு. 1884இல் மணம் முடித்த பிறகும், தொலைநோக்கி, நுண்ணோக்கி வழியே காணும் உலகைப் பற்றி 1890இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். பக்லி என்ற பெயரையும் விடவில்லை.

பரிவைப் பற்றி எழுதியதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. வாலஸ் நிரந்தர வருமானமின்றித் தவித்தபோது, 1879 டிசம்பரில், அவருக்கு ஏதாவது வேலை கிடைக்க வழி உண்டா என்று டார்வினுக்கு எழுதிக் கேட்டவர் பக்லி. டார்வின் தன் நண்பரான தாவரவியலாளர் ஹூக்கரிடம் கேட்டுப்பார்த்தார். ஹூக்கர் முதலில் மறுத்துவிட்டார். டார்வின் விடவில்லை. 1881 ஜனவரியில் அரசு வாலஸுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு ஓய்வூதியம் அளித்தது. 1913இல் இறக்கும்வரை வாலஸுக்கு அந்தப் பணம் வந்துகொண்டிருந்தது.