மருதாணி: கொல்லைச் செடியும் கடைக் கோனும்

பிறை தெரிந்த இரவில் நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் கேட்பது மருதாணியைத்தான். ஒரு தலைமுறைக்கு முன்பு கொல்லையில் இலை பறித்து, அம்மியில் அரைத்து, விரல் நுனிகளுக்குத் தொப்பி போட்டு, துணி சுற்றித் தூங்க வைப்பார்கள். இன்று கடையில் கோன் வாங்குகிறோம். வாங்குவது தவறல்ல. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து வாங்க வேண்டும். அதற்கு முதலில் செடியை அறிந்துகொள்வோம்.

செடியைப் பற்றி

மருதோன்றி, அழவணம் என்ற பெயர்களும் இதற்கு உண்டு. அரபியில் ஹின்னா. தாவரவியல் பெயர் லாசோனியா இனெர்மிஸ். வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, இந்தியா எனச் சூடும் வறட்சியும் உள்ள நாடுகளில் வளரும் புதர்ச்செடி இது. வெட்டாமல் விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டும். கொத்துக் கொத்தாகப் பூக்கும் சிறு பூக்களுக்கு நல்ல மணம். அவற்றிலிருந்து அத்தர் எடுக்கிறார்கள். இந்தியாவில் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் உள்ள சோஜத் பகுதி மருதாணிச் சாகுபடிக்குப் பெயர் பெற்றது. 2021இல் சோஜத் மருதாணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நிறம் எப்படி வருகிறது?

இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் சிறிதளவு இருக்கிறது. இலையை அரைத்து, எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு சேர்த்தால் அது வெளிப்பட்டு, தோலிலும் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கழுவியதும் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். ஓரிரு நாட்களில்தான் கருஞ்சிவப்பாக மாறும். மேல்தோல் உதிர உதிர, ஒன்று முதல் மூன்று வாரங்களில் மறைந்துவிடும். நிறம் தோலில் ஊறுகிறதே தவிர, தண்ணீரைத் தடுக்கும் படலமாக மேலே நிற்பதில்லை. அதனால்தான் காய்ந்த விழுதை முழுவதும் உதிர்த்துக் கழுவிய பிறகு ஒளுச் செய்வதற்கு அது தடையாவதில்லை.

கறுப்பு மருதாணி என்று ஒன்று இல்லை

மருதாணி இலை ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்காது. அப்படிப் பிடித்தால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பெரும்பாலும் அது தலைச்சாயத்தில் சேர்க்கப்படும் பிபிடி என்ற ரசாயனம். ஐரோப்பிய நாடுகளில் இதைத் தலைச்சாயத்தில் குறிப்பிட்ட அளவுக்குள் மட்டுமே சேர்க்கலாம். தோலில் பூசும் பொருளில் சேர்க்க அனுமதியில்லை.

இது சிலருக்கு அரிப்பு, சிவப்பு, நீர்க்கொப்புளம், தழும்பு வரை கொண்டுபோகும். பாதிப்பு பூசிய அன்றே தெரிய வேண்டும் என்பதில்லை; சில நாட்கள் கழித்தும் வரலாம். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் அது வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். சிறு வயதில் பாதிக்கப்பட்ட பிள்ளை, பெரியவளாகித் தலைச்சாயம் பூசும்போது கடுமையாக அவதிப்பட நேரலாம்.

கவனிக்க வேண்டியவை

உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று அச்சிடாத கோனை வாங்காதீர்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் வாடை வந்தால் தவிர்த்துவிடுங்கள். எரிச்சல் தெரிந்தால் உடனே கழுவிவிட்டு, கோன் உறையுடன் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கைக்குழந்தைகளுக்கு அசல் மருதாணியும் வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை அழித்துவிடக்கூடும். அந்தக் குறைபாடு உள்ள பெரியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பூசக் கூடாது.

வீட்டிலேயே வளர்க்கலாம்

விதை முளைக்க நாளாகும். குச்சி நடுவது எளிது. மழைக்காலத்தில் பென்சில் கனமுள்ள, ஒரு சாண் நீளக் குச்சியை வெட்டி, பாதியளவு மண்ணில் புதையுங்கள். நல்ல வெயில் வேண்டும்; தண்ணீர் தேங்கக் கூடாது. இடமில்லாதவர்கள் மாடியில் பெரிய தொட்டியில் வைக்கலாம். வேர் பிடித்த பிறகு வறட்சியைத் தாங்கும். அவ்வப்போது கிளை நறுக்கினால் புதுத்தளிர் நிறைய வரும். மிஞ்சும் இலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளலாம்.

பெருநாளுக்கு முந்தைய இரவு அல்ல, இரண்டு இரவுகள் முன்பே பூசுங்கள். பெருநாள் காலையில் பிள்ளைகளின் கை தானாகவே நன்றாகச் சிவந்திருக்கும், இன்ஷா அல்லாஹ்.