நங்கூரம் ஏற்ற மின்சார வின்ச்: எதை வாங்கலாம், எப்படிப் பொருத்தலாம்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனை ஒட்டிய மோர்ட்டன் விரிகுடாவில், டிரெய்லரில் இழுத்துவந்து தண்ணீரில் இறக்கும் 5, 6 மீட்டர் அலுமினியப் படகுகள் ஏராளம். விரிகுடாவுக்குள் பெரும்பாலும் ஆழம் குறைவு. நங்கூரத்தைக் கையாலேயே ஏற்றிவிடலாம். தீவுகளைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போனால் மீன் அடையும் பார்கள் (கடலடிப் பாறைத் திட்டுகள்) 30, 40, 60 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. 8 கிலோ நங்கூரத்தையும் அதோடு வரும் சங்கிலியையும் அவ்வளவு ஆழத்திலிருந்து, ஆடும் அணியத்தில் (படகின் முன்முனையில்) நின்றுகொண்டு இழுத்து ஏற்ற வேண்டும்.

அதற்கு மலைத்துப்போய், போட்ட இடம் சரியில்லை என்று தெரிந்தும் அப்படியே கிடப்பவர்கள் உண்டு. காற்று திரும்பியிருக்கும், நங்கூரம் அரைகுறையாகப் பிடித்திருக்கும், பக்கத்துப் படகு நெருங்கியிருக்கும். ஆனாலும் எடுத்து மறுபடி போட மனசு வராது. மின்சார வின்ச் முதுகைக் காப்பாற்றுகிறது என்பது சரிதான். ஆனால் தயங்காமல் எடுத்து இடம் மாற்றிப் போட வைக்கிறதே, அதைத்தான் அதன் முதல் பயனாக நான் சொல்வேன்.

கடையில் பேச்சு பெரும்பாலும் மோட்டார் எத்தனை வாட் என்பதிலிருந்தே தொடங்கும். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அணியத்தில் உள்ள நங்கூரக் குழியை அளந்து பாருங்கள். எந்த வகை வின்ச் என்பதை அந்தக் குழிதான் தீர்மானிக்கும்.

உங்களிடம் உள்ள கயிறு, சங்கிலி முழுவதையும் அடுக்காமல், மேலிருந்து தானாக விழுவதுபோல் குழிக்குள் கொட்டுங்கள். குவியலின் உச்சியிலிருந்து மேல்தளம்வரை 30 சென்டிமீட்டராவது இடைவெளி இருந்தால் விண்ட்லாஸ் பற்றி யோசிக்கலாம். விண்ட்லாஸ் எதையும் தன்மேல் சுற்றி வைப்பதில்லை. அதன் பல் சக்கரம் சங்கிலியைக் கவ்வி இழுத்துக் குழிக்குள் விடுகிறது, அவ்வளவுதான். சங்கிலி தன் எடையாலேயே கீழே இறங்கிவிடும். கயிறு அப்படி இல்லை. கீழே இறங்க இடமில்லையென்றால் சக்கரத்துக்கு அடியிலேயே குவிந்து, மறுபடி சக்கரத்தில் சுற்றிச் சிக்கிவிடும். உப்பேறி விறைத்த கயிறு என்றால் இன்னும் மோசம். கயிறும் சங்கிலியும் சேரும் பின்னல் சக்கரத்தைக் கடக்கும் இடம்தான் விண்ட்லாஸில் பலவீனமான இடம். அந்தப் பின்னல் கொஞ்சம் தடித்திருந்தாலும் அங்கே நின்றுவிடும்.

சக்கரமும் சங்கிலியும் ஒன்றுக்கொன்று பொருந்துவது இன்னொரு கவலை. 10 மில்லிமீட்டர் சங்கிலி என்று ஒரே பெயரில் விற்றாலும், கண்ணியின் உள்நீளம் டின் 766 தரத்தில் 28 மில்லிமீட்டர், ஐஎஸ்ஓ 4565 தரத்தில் 30. அந்த 2 மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணிக்குக் கண்ணி சேர்ந்துகொண்டே போய், சங்கிலி பல்லிலிருந்து எகிறும். ஹோபார்ட்டின் மியூர், இத்தாலியின் லோஃப்ரான்ஸ், இங்கிலாந்தின் லூமார் என யாருடைய விண்ட்லாஸாக இருந்தாலும், எந்தச் சக்கரத்துக்கு எந்தச் சங்கிலி என்று அட்டவணை இருக்கும். கையில் இருக்கும் சங்கிலியின் ஒரு துண்டைக் கடைக்கே எடுத்துப் போவது நல்லது. முழுக்கச் சங்கிலியே போடும் பெரிய பாய்மரப் படகுக்கு, ஆழமான குழியும் இருந்தால், விண்ட்லாஸுக்கு ஈடில்லை. நிற்கும் வகை விண்ட்லாஸில் மோட்டார் தளத்துக்கு அடியில் போய்விடும், சங்கிலியும் சக்கரத்தைப் பாதிச் சுற்று தழுவும். படுக்கை வகை முழுதும் தளத்துக்கு மேலேயே இருக்கும்; பொருத்துவது எளிது, சங்கிலியின் பிடி கால் சுற்றுதான்.

6 மீட்டர் டிரெய்லர் படகில் அந்த 30 சென்டிமீட்டர் கிடைப்பது அபூர்வம். அதனால்தான் ஆஸ்திரேலியாவில் இந்த அளவுப் படகுகளில் டிரம் வின்ச் பரவியிருக்கிறது. லோன் ஸ்டார் போன்ற உள்ளூர் நிறுவனங்கள் இதற்கென்றே பல அளவுகளில் செய்கின்றன. கயிறு, சங்கிலி எல்லாமே டிரம்மில் சுற்றிக்கொள்ளும். பல் சக்கரம் கிடையாது, சங்கிலியின் தரம் பற்றிய கவலை கிடையாது, பின்னல் சிக்காது, கீழே விழ இடமும் வேண்டாம். பின்னல் நைலான் கயிறு 6 மில்லிமீட்டர் தடிமனே இருந்தாலும் சிறிய படகுக்குப் போதும் என்பதால், 100 மீட்டர் கயிறுகூட ஒரு டிரம்மில் அடங்கிவிடும். ஆனால் டிரம் அகலமாக இருக்கும். குழியின் ஆழம் குறைவாக இருக்கலாம், அகலம் வேண்டும். அகலத்தை அளக்கும்போது கயிறு நிறைந்த டிரம்மின் விட்டத்தையும் கணக்கில் எடுங்கள்.

டிரம்மில் ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. டிரம் நிறையக் கயிறு இருக்கும்போது இழுப்பு வேகமாக இருக்கும், விசை குறையும். கயிறு வெளியே போய் டிரம் மெலிந்திருக்கும்போது வேகம் குறைந்து விசை கூடும். ஆழத்தில் போட்டிருந்தால் நங்கூரம் பெயரும் நேரத்தில் டிரம் மெலிந்திருக்கும்; அது நமக்குச் சாதகம். ஆழமில்லாத சேற்றில் போட்டால் நிலைமை தலைகீழ். ஆகவே, விரிகுடாவுக்குள்ளேயே மீன்பிடிப்பவர் தேவைக்கு மேல் 100 மீட்டர் கயிறு சுற்றிவைப்பதில் பயன் இல்லை.

நங்கூரத்தைத் தானாக விழவிடும் வசதி தேவையா? பாரின் ஒரு முனையைக் குறிவைத்துப் போடுபவருக்குத் தேவை. மோட்டார் மெல்ல இறக்கும் நேரத்தில் நீரோட்டம் படகைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மற்றவர்களுக்கு மோட்டாரே இறக்கும் சாதாரண வகை போதும். கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டே சுழலும் தலையில் சுற்றி இழுக்கும் கேப்ஸ்டன் வகையும் உண்டு. எளிமையானது, ஆனால் ஒருவர் அணியத்திலேயே நிற்க வேண்டும் என்பதால் தனியாகப் போகிறவருக்கு உதவாது. ஏரிப் படகுக்கென்று வரும் சிறிய பெட்டி வின்ச்சுகளை உப்புத் தண்ணீருக்கு வாங்க வேண்டாம்.

வின்ச்சே வேண்டாம் என்று சொல்ல இடமிருக்கிறது. பெரிய மிதவை ஒன்றையும் ஒரு வளையத்தையும் நங்கூரக் கயிற்றில் மாட்டிவிட்டு, படகைச் சாய்வாக முன்னோக்கி ஓட்டினால், மிதவையின் இழுவையில் கயிறு வளையத்தின் வழியே ஓடி நங்கூரம் மேலே வந்துவிடும். செலவு மிகக் குறைவு. பேட்டரியே இல்லாமல், கயிறு இழுத்து இன்ஜினைக் கிளப்பும் படகுகளுக்கும் ஒத்துவரும். ஆனால் பாறையில் நங்கூரம் மாட்டியிருந்தால் ஓடும் படகு சட்டென்று நிற்கும். கயிறு புரொப்பெல்லரில் சுற்றும் ஆபத்தும் உண்டு. கயிற்றை அணியத்திலேயே கட்டியிருக்க வேண்டும், பின்பக்கம் ஒருபோதும் கூடாது. அலை கிளம்பியிருக்கும் நாளில் இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாட் கணக்குக்கு இப்போது வரலாம். நங்கூரம் 8 கிலோ, 8 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ வீதம் 8 மீட்டருக்கு 11 கிலோ, மொத்தம் 19. நைலான் கயிற்றுக்குத் தண்ணீருக்குள் எடை அநேகமாக இல்லை. வின்ச்சின் உச்ச இழுவிசை இந்த எடையைப்போல் 3 முதல் 4 மடங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். அதாவது 60 முதல் 80 கிலோ. கடலுக்கென்று வரும் வின்ச்சுகளில் இதை எட்டாததைத் தேடினாலும் சந்தையில் கிடைப்பது கடினம். பெரிய மோட்டாருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைக் கேபிளில் போடச் சொல்வேன்.

ஏனென்றால் பேட்டரி படகின் பின்பக்கம், வின்ச் முன்பக்கம். வளைவு நெளிவோடு போக 7 மீட்டர், வர 7 மீட்டர். 12 வோல்ட்டில் 1000 வாட் மோட்டார் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் என்றால் வழியிலேயே 2 வோல்ட் போய்விடும். மோட்டார் முக்கும், சூடாகும். 16 போட்டால் 1.2 வோல்ட் இழப்பு. 25 போட்டால் 0.8. இந்தப் படகுக்கு 25 சதுர மில்லிமீட்டருக்குக் கீழே இறங்க வேண்டாம். வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிளாக இருக்கட்டும்; பூசாத செம்பு உப்புக்காற்றில் உள்ளுக்குள்ளேயே கறுத்துப்போகும்.

பிரேக்கரை வின்ச் பக்கத்தில் மாட்டுவது வீண். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தால்தான், வழியில் கேபிள் உரசித் தோல் போனாலும் தீப்பிடிக்காமல் காக்கும். அதன் அளவை வின்ச் கையேட்டில் சொன்னபடியே வையுங்கள். அலுமினியப் படகில் மோட்டாரின் எதிர்முனையை உடலோடு இணைத்து ஒரு கேபிளை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். மின்கசிவு அலுமினியத்தை அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளும் அலுமினியத்தை நேராகத் தொடக் கூடாது. நடுவில் நைலான் வாஷரும் காப்புப் பசையும் வேண்டும். ஃபைபர் தளத்தில் துளையிடும்போது நடுவில் மரம் தெரிந்தால், துளையின் ஓரத்தை எபாக்ஸியால் அடைத்த பிறகே போல்ட்டை இறக்குங்கள். அடியில் தடித்த தாங்குதகடு கட்டாயம். டிரம்மின் நடுப்பகுதியும் அணியத்து ரோலரும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். கோணம் விலகினால் கயிறு டிரம்மின் ஒரு பக்கமே குவியும்.

வின்ச்சோடு ஒரு கட்டுத்தறியும் பொருத்தாமல் வேலையை முடிக்காதீர்கள். நங்கூரம் பிடித்ததும் கயிற்றைத் தறியில் கட்டி, சுமையை அதற்கு மாற்றிவிட வேண்டும். வின்ச் இருப்பது நங்கூரத்தைத் தூக்க. படகைப் பிடித்துநிறுத்த அல்ல. அலை ஒவ்வொன்றும் அணியத்தைத் தூக்கும்போது வரும் வெட்டு கியர் பற்களை உடைக்கும். எடுக்கும்போதும் இப்படித்தான்: இன்ஜினைக் கிளப்பி, படகை மெதுவாக முன்னே செலுத்தி, தளர்ந்த கயிற்றை மட்டும் வின்ச் ஏற்றட்டும். இன்ஜின் ஓடினால் பேட்டரிக்கும் மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கும். கயிறு நேர் செங்குத்தாக வந்தும் நங்கூரம் அசையவில்லையென்றால், தறியில் கட்டிக்கொண்டு இன்ஜின் விசையால் பெயர்த்தெடுங்கள்.

பொருத்தியதும் முதல் வேலையாக, காற்றில்லாத நாளில் மணல் தரையில் நங்கூரத்தைப் போட்டு, கடைசிச் சில சுற்றுகள் தவிர எல்லாக் கயிற்றையும் வெளியே விடுங்கள். பிறகு படகின் எடையே இழுப்புக் கொடுக்கும்படி மெல்ல ஏற்றுங்கள். கடையில் தளர்வாகச் சுற்றிய கயிற்றின்மேல் சுமை வந்தால் மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்துவிடும், அடுத்த முறை இறக்கும்போது பாதியில் நின்றுவிடும். இறுக்கமாகச் சுற்றி முடித்த பிறகு மோட்டார் மூடியையும் கேபிள் லக்குகளையும் தொட்டுப் பாருங்கள். லக் கை பொறுக்காத அளவு சூடாக இருந்தால் அதை வெட்டிவிட்டுச் சரியாக அழுத்திப் புதிதாகப் பொருத்திய பிறகே வெளிக்கடலுக்குக் கிளம்புங்கள்.