மாட்டுங்காவுக்கு ஆட்டோ வருமா?

கேள்வி: வயதான பெற்றோருடன் இரவு விமானத்தில் மும்பை வருகிறேன். மாட்டுங்காவில் விடுதி. வண்டியை முன்பே பதிவு செய்ய வேண்டுமா?

பதில்: கட்டாயம் செய்யுங்கள். தனியாளாக இருந்தால் விமான நிலையத்து ப்ரீபெய்டு டாக்ஸியே போதும் என்பேன். பெரியவர்களை அந்நேரத்தில் வரிசையில் நிறுத்த வேண்டாம். ஆட்டோவை நம்பவே நம்பாதீர்கள். சயான், பாந்த்ராவைத் தாண்டித் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதியில்லை. செம்பூருக்கு வரும், மாட்டுங்காவுக்கு வராது.

பதிவு செய்யுமுன் பயணச்சீட்டைப் பாருங்கள். டெர்மினல் 1 சாந்தாகுரூஸ் பக்கம், 2 சஹாரில். 2025-இல் திறந்த நவி மும்பை நிலையம் என்றால் தூரமும் கட்டணமும் வேறு. சுங்கம், பார்க்கிங், காத்திருப்புக் கட்டணம் எல்லாம் சேர்ந்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விமானம் தாமதமானால் ஓட்டுநர் காத்திருப்பாரா என்பதையும்தான். விடுதி கிழக்கிலா மேற்கிலா என்று சொல்லிவிடுங்கள். நம்மவர்களின் கோயில்களும் உணவகங்களும் கிழக்கில், கிங்ஸ் சர்க்கிளை ஒட்டி இருக்கின்றன.