தனி டம்ளர் வேண்டாம்

எங்கள் சந்து மும்பை தாராவியில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல உண்டு. மராத்திக் குடும்பங்களும் உண்டு. வீடுகள் சிறியவை. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

மூன்றாவது வீட்டு அக்கா துணி தைப்பவர். எங்கள் எழுத்தறிவு வகுப்புக்கும் வருவார். அவருக்கு மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை. மாலையானால் காய்ச்சல். பசி இல்லை. உடம்பு இளைத்துவிட்டது. அரசு மருத்துவமனைக்குப் போனார். சளியைச் சோதித்தார்கள். காசநோய் என்று சொன்னார்கள். டி.பி. என்கிறோமே, அதுதான்.

மருந்து தொடங்கியது. செய்தி சந்து முழுவதும் பரவியது. குழாயடியில் அக்காவின் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். தைக்கக் கொடுத்த துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வீட்டிலும் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்.

ஒன்றரை மாதம் ஆனது. இனி வகுப்புக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்கா வந்தார். ஆனால் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

“உள்ளே வாங்க அக்கா” என்றேன்.

“வேண்டாம் தங்கச்சி. மாத்திரை வாங்கப் போனாலே எல்லாரும் ஒரு மாதிரி பாக்கிறாங்க. இனிமே போகப்போறதில்ல. இருமலும் நின்னு போச்சு” என்றார்.

வகுப்பில் ஒரு மராத்திப் பாட்டி படிக்கிறார். அவரை ஆஜி என்று அழைப்போம். ஆஜி எழுந்து போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் தமிழை அவர் நன்றாகப் பேசுவார்.

“எனக்கும் இந்த நோய் வந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். இப்ப பாரு, குழாயடியில உங்க எல்லாரோடயும் சண்டை போடுறேன்” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். பிறகு தலை குனிந்தோம். அக்காவின் குடத்தைத் தள்ளி வைத்தவர்களில் சிலர் அங்கேதான் இருந்தார்கள்.

மறுநாள் வகுப்புக்குச் சுகாதாரப் பணியாளர் ஒருவரை அழைத்தோம். அவர் சொன்னதைக் கரும்பலகையில் எழுதினோம். நீங்களும் படியுங்கள்.

எப்படிப் பரவும்?

காசநோய் ஒரு கிருமியால் வருகிறது. 1882-ஆம் ஆண்டு ராபர்ட் காக் என்ற அறிஞர் இதைக் கண்டுபிடித்தார். நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. அந்தக் காற்றைச் சுவாசிப்பவருக்குத் தொற்றலாம்.

தட்டு, டம்ளர், துணி, குடம் இவற்றால் பரவாது. கையைத் தொட்டால் பரவாது.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களில் பரவும் ஆபத்து மிகவும் குறைந்துவிடும். அதுவரை வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். கதவையும் சன்னலையும் திறந்து வைக்க வேண்டும்.

எப்படிக் குணமாகும்?

பெரும்பாலும் ஆறு மாத மருந்தில் குணமாகும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். இரண்டு மாதத்தில் உடம்பு தேறியது போல் இருக்கும். அப்போது நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் நோய் திரும்பி வரும். பழைய மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போகலாம். பயம் வேண்டாம். வாந்தி நிற்காவிட்டாலோ, கண் மஞ்சளானாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நோயாளியின் சத்துணவுக்காக அரசு வங்கிக் கணக்கில் பணம் போடுகிறது. 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது. 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய்.

வீட்டில் உள்ள எல்லோரும் சோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் இல்லாதவருக்கும் வராமல் தடுக்க மருந்து உண்டு. சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

நாங்கள் என்ன செய்தோம்?

அக்காவின் குடம் மறுபடி வரிசைக்கு வந்தது. மாத்திரை வாங்கப் போகும் நாளில் ஆஜியும் கூடப் போனார். எதிர்வீட்டு அண்ணி, முட்டை வாங்கும்போது அக்காவுக்கும் இரண்டு வாங்கினார். வகுப்பு முடிந்ததும், “இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?” என்று நான் கேட்பேன். திரும்ப வாங்கிய துணிகளில் சில மீண்டும் தைக்க வந்தன. எல்லாம் வரவில்லை.

அக்கா ஆறு மாதமும் மருந்து சாப்பிட்டார். கடைசிச் சோதனையில் கிருமி இல்லை. அன்று அவர் வீட்டில் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். ஆஜி அந்தத் தனி டம்ளரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். இப்போது அது மற்ற டம்ளர்களோடு இருக்கிறது. எது என்று யாருக்கும் தெரியாது.

பேசுவோம்

1. அக்கா மருந்தை நிறுத்த நினைத்தது ஏன்?
2. எவற்றால் காசநோய் பரவாது?
3. உங்கள் தெருவில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவர் யாராவது உண்டா? அவரிடம் எப்படிப் பேசுவீர்கள்?

எழுதுவோம்

நோயுற்ற பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் செய்யக்கூடிய மூன்று உதவிகளை எழுதுங்கள். இந்த வாரமே ஒன்றைச் செய்யுங்கள்.